நாளைக்கும் நீங்கள்தான் இருப்பீர்களா?

எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு, பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத் தாய் வேலை கேட்டு வரும் பெண்களிடம் படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் கண்காணிப்பாளர் விசாரித்து முடித்த பிறகு என் முறை வரும். நான் கேட்பது ஒரே கேள்விதான். "எவ்வளவு காலம் இருப்பாய் தாயி?" சிலர் விழிப்பார்கள். சிலர் "கல்யாணம் நிச்சயமாகும் வரைக்கும்" என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஒரு வருடமாவது நிற்க முடியாது என்று தெரிந்தால், ஆள் பற்றாக்குறையில் நாங்கள் எவ்வளவு திண்டாடினாலும், வேண்டாம் என்றுதான் கண்காணிப்பாளரிடம் சொல்வேன்.

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில், ஒத்தக்கடையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது எங்கள் இல்லம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது யானைமலை முழுதாகத் தெரியும். வீட்டில் பராமரிப்போ பாதுகாப்போ இல்லாமல் வந்த, ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் உள்ள பெண் குழந்தைகள். நான் மூத்த இல்லத் தாய். எனக்கு மேலே கண்காணிப்பாளர் இருக்கிறார். சமூகப் பணியாளரும், குழந்தைகளுக்கு மன ஆலோசனை சொல்லும் ஆற்றுப்படுத்துநரும் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். மற்ற இல்லத் தாய்மார்களின் பணி முறை, இரவுக் காவல், விடுப்பு, சண்டை, கண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. குழந்தைகள் அவர்களை அக்கா என்றும் என்னைப் பெரியம்மா என்றும் கூப்பிடுகிறார்கள்.

இல்லத்தின் பெயரையோ எந்தக் குழந்தையின் பெயரையோ அவளுடைய ஊரையோ இங்கே எழுத மாட்டேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சட்டம் இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன். அவர்கள் நாளை வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, தங்கள் கதையை யாரிடம் சொல்வது என்று தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டியவர்கள். அதனால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த "எவ்வளவு காலம்" கேள்விக்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தை ஒருத்தி இருந்தாள். விளக்கை அணைக்கும் நேரத்தில் அந்த அறையின் இல்லத் தாயிடம் தவறாமல் கேட்பாள்: "நாளைக்கும் நீங்கள்தான் இருப்பீர்களா?" ஆமாம் என்று சொன்ன பிறகுதான் படுப்பாள். அவளுடைய கோப்பைப் படித்திருந்தால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரியும். அம்மாவிடமிருந்து அம்மாச்சி வீடு, அம்மாச்சி படுத்த படுக்கையானதும் சித்தி வீடு, சித்தி வீட்டிலிருந்து ஒரு நாள் காவல் நிலையம், அங்கிருந்து எங்களிடம். ஒவ்வொரு முறையும் முந்தின இரவு சோறு போட்ட முகம் மறுநாள் காலையில் இல்லை. அப்படி வந்தவளுடைய அறையில், எங்கள் நேரம், ஒரே கல்வியாண்டுக்குள் அடுத்தடுத்து மூன்று இல்லத் தாய்மார்கள் மாறினார்கள். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு விருதுநகர் பக்கம் வேறு வேலை, ஒருவருக்கு இரவுப் பணி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாமவர் போன பிறகு குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். விளக்கை அணைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "இப்போது அடம் இல்லை, நல்ல பிள்ளையாகிவிட்டாள்" என்று பணி நோட்டில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குப் பெரிய கவலை பிடித்தது. கேட்டுக்கொண்டிருந்த வரை அவளுக்கு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

ஆகவே என் வேலையை யாராவது விளக்கச் சொன்னால், நாளைக்கும் அதே ஆள் அந்தக் கதவருகில் நிற்கும்படி பார்த்துக்கொள்வது என்பேன். குழந்தைகளுக்கு நேரடியாகத் தலை வாரிவிடுவது, பாடம் சொல்லிக் கொடுப்பது, சோறு பிசைந்து கொடுப்பது எல்லாம் இன்றைக்கும் செய்கிறேன். ஆனால் அவற்றைச் செய்யும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண்கள் மனம் ஒடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் கடினமான பகுதி.

அவர்கள் போவதற்குச் சம்பளம் ஒரு காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன். இன்னொரு காரணம், அன்பாக இருந்தால் குழந்தைகள் உடனே ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்து வருவது. வந்த முதல் வாரத்திலேயே ஒரு குழந்தை கையைக் கடிக்கும், இன்னொருத்தி "நீ என் அம்மாவா?" என்று கத்துவாள், மற்றொருத்தி புது அக்காவின் பர்ஸிலிருந்து பணம் எடுப்பாள். பெரும்பாலும் அந்த அக்காவை அவளுக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கே அது அடையாளம். பிடித்தவர்கள் போய்விடுவார்கள் என்பது அவள் அனுபவத்தில் கண்ட உண்மை. எப்படியும் போகப் போகிறாய், இப்போதே போ என்று தள்ளிப் பார்க்கிறாள். இதை ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள். கடிபட்ட கையோடு இரவு பதினொரு மணிக்கு என் அறைக்கு வந்து அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் உள்ளே இறங்கும். அதனால் என் அறைக் கதவை நான் தாழிடுவதில்லை.

இரவைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். இல்லத்தின் உண்மையான நிலவரம் இரவு ஒன்பதுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில்தான் தெரியும்.

படுக்கையை நனைக்கும் குழந்தைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். பத்து, பதினொரு வயதிலும் இருப்பார்கள். முதலில் மருத்துவரிடம் காட்டிச் சிறுநீர்த் தொற்று எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறோம். அதன் பிறகு மிச்சம் இருப்பது பயம்தான், அதற்கு நேரம் ஆகும். நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது: எல்லா மெத்தைக்கும் ரெக்சின் உறை, யாருக்கும் தனியாக இல்லை. பதினொரு மணிக்கு இரவுப் பணியில் இருப்பவர் அந்தக் குழந்தைகளைத் தோளைத் தொட்டு எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துப் போவார். அப்படியும் நனைந்துவிட்டால், மாற்று உடுப்பு அவளுடைய தலையணை உறைக்குள்ளேயே இருக்கும். விரிப்பு ஐந்து மணிக்கு முன்பே பின்கட்டு வாளிக்குள் போய்விட வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரிக்குத் தெரியக்கூடாது. இரவுச் சாப்பாட்டையோ தண்ணீரையோ குறைக்கக்கூடாது. "மறுபடியுமா?" என்று கேட்கவே கூடாது.

புதிதாக வந்த ஒரு இல்லத் தாய் ஒரு முறை குழந்தையையே விரிப்பைத் துவைக்க வைத்தார், குழாயடியில், எல்லோரும் பல் தேய்க்கும் நேரத்தில். அவர் கெட்டவர் இல்லை. தன் வீட்டில் தனக்கு நடந்ததைத்தான் அவர் திருப்பிச் செய்தார். எல்லோர் முன்னாலும் அவரை நான் எதுவும் சொல்லவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு "ரப்பர் பேண்ட் எங்கே, சடை போட நேரமாகிவிட்டது" என்று குழந்தையை அனுப்பிவிட்டேன். மதியம் அவரைத் தனியே கூப்பிட்டேன். இல்லத்தில் குழந்தையை அடித்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு, அடுத்த முறை சிறை வரைக்கும் போகும் என்று எல்லோருக்கும் சொல்லித்தான் வேலைக்கு எடுக்கிறோம். நாலு பேர் முன்னால் கூச வைப்பதையும் நான் அடிக்குச் சமமாகத்தான் பார்க்கிறேன் என்று சொன்னேன். அழுதார். அன்று இரவு அவரை நான் இரவுப் பணியிலிருந்து மாற்றவில்லை. அவரோடு நானும் உட்கார்ந்தேன். அவர்தான் இன்றைக்கு எங்கள் இல்லத்தில் இரவுப் பணிக்கு மிகவும் நம்பகமானவர்.

உணவை ஒளித்து வைப்பது இன்னொன்று. புதிதாக வரும் குழந்தைகள் இட்லியைக் காகிதத்தில் சுற்றித் தலையணைக்கடியில் வைப்பார்கள். சப்பாத்தியை மடித்துப் பள்ளிப் பையில் வைப்பார்கள். எறும்பு வரும், நாற்றம் வரும், பிடித்துத் திட்டத் தோன்றும். பசித்துக் கிடந்த வயிறு அடுத்த வேளையை நம்பப் பல மாதம் ஆகும். ஒளித்ததைப் பிடுங்கினால் அவள் சந்தேகம் சரிதான் என்று நாமே சொன்னதாகிவிடும். அதனால் வந்த நாளிலேயே ஒரு மூடி போட்ட டப்பா கொடுத்துவிடுகிறோம். அதில் முறுக்கு, பொரிகடலை, பிஸ்கட். டப்பா அவளுடையது, நாங்கள் திறந்து பார்க்க மாட்டோம், தீர்ந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டப்பாவைப் படுக்கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கிய குழந்தை ஒரு நாள் அதை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே விளையாடப் போவாள். அப்படி நடந்தால் பணி நோட்டில் அவசியம் எழுதச் சொல்கிறேன்.

பணி நோட்டைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பானவள். ஒருவர் பணி முடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது எழுதும் நோட்டு அது. "திமிராக நடந்தாள்", "சொல் பேச்சுக் கேட்கவில்லை" என்று எழுதினால் அடுத்து வருபவர் திமிர் பிடித்த ஒரு பெண்ணைத்தான் எதிர்பார்த்து வருவார். "மாலை ஆறரைக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து படிப்பு நேரத்தில் உட்காரவில்லை. ராத்திரி ரசம் சாதம் பாதி சாப்பிட்டாள். கூப்பிட்டால் பதில் இல்லை" என்று எழுதினால், வருபவர் அவளிடம் மெதுவாகப் போவார். கண்ணால் கண்டதை எழுது, காதால் கேட்டதை அவள் சொன்ன சொல்லிலேயே எழுது, உன் தீர்ப்பை எழுதாதே. இதற்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. ஒரு குழந்தை தனக்கு நடந்த தவறு ஒன்றைப் பற்றி ஒரு நாள் திடீரெனச் சொல்வாள். பாத்திரம் கழுவும்போதோ, பேன் பார்க்கும்போதோதான் சொல்வாள், ஆற்றுப்படுத்துநரின் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் சொல்ல மாட்டாள். அப்போது இல்லத் தாய் அதிர்ச்சி காட்டாமல், குறுக்குக் கேள்வி கேட்காமல், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாமல் கேட்டுக்கொண்டு, அப்படியே எழுதி, உடனே எங்களிடம் வர வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், குற்றம் தெரியவந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். சத்தியம் செய்துவிட்டுப் பிறகு அதை மீறினால், அந்தக் குழந்தை இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

நோட்டால் கிடைத்த நல்லது ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியைப் பள்ளியில் மந்தம் என்று பின் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் நோட்டில் இரண்டு இல்லத் தாய்மார்கள் வெவ்வேறு நாட்களில் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: டிவியை மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்க்கிறாள், பூ கட்டும்போது மட்டும் எல்லோரையும்விட வேகம். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. மதுரைக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் நல்ல கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் எதிர்ப்பக்கக் கடைகளின் பெயர்ப் பலகைகளை வரிசையாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். பஸ் வரும் வரை நிறுத்தவில்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். பந்தல், ஒலிபெருக்கி, பிளெக்ஸ் பேனர், தட்டுத் தட்டாகத் தாய்மாமன் சீர், மொய் நோட்டு. பள்ளித் தோழிகளின் வீட்டில் எல்லாவற்றையும் எங்கள் குழந்தைகள் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிறகு அது அவர்களுக்கு நடக்கும்போது இல்லத்தில் இருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் படித்த பெண் அவள். அம்மா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ கட்டுபவர். அப்பா இல்லை. தாய்மாமன் இருக்கிறார், பேச்சு வார்த்தை இல்லை. விஷயம் தெரிந்ததும் அந்த அறையின் இல்லத் தாய், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், "அக்கா, நாமே சடங்கு வைத்துவிடுவோம், இல்லத்தின் அறங்காவலர்களில் ஒருவரை மாமன் முறைக்கு நிற்கச் சொல்வோம்" என்று பரபரத்தார். அவர் மனது எனக்குப் புரிந்தது. ஆனால் யாரோ ஒருவரை மாமனாக நிறுத்தினால், இல்லாத மாமனைத்தான் அந்தப் பெண்ணுக்கு அது நினைவுபடுத்தும். சமையல் அக்கா தன் பங்குக்கு, மூன்று நாள் தனியாக உட்கார வைக்க வேண்டும் என்றார். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. நாப்கின் எப்படி வைப்பது, எப்போது மாற்றுவது, வலித்தால் யாரிடம் சொல்வது, இதை முதலில் உட்கார்ந்து சொல்லுவோம், மற்றது அவள் என்ன கேட்கிறாளோ அப்படி என்றேன்.

ஒரு நாள் முழுக்க அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் துணி மடிக்கும்போது, "அம்மாவுக்குச் சொல்லிவிட்டீர்களா பெரியம்மா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சீர் எல்லாம் வேண்டாம். பூச்சடை மட்டும் வைத்துவிடச் சொல்லுங்கள்" என்றாள்.

அது தை மாதம். பனியில் வரத்து குறைந்து, மல்லிகை கிலோ ஆயிரங்களில் விற்கும் நேரம். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை மற்ற ஊர்க்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள். அதைக் கட்டுகிற கைகளுக்குத் தை மாதத்தில் ஒரு முழம் வாங்குவதே பெரிய பாடு. அந்த அம்மா விடியும் முன் மார்க்கெட் வேலையை முடித்துவிட்டு, கூலிக்குப் பதிலாகப் பூவாகவே வாங்கிக் கட்டி, ஈரத் துணியில் சுற்றி, முதல் பஸ்ஸில் ஒத்தக்கடைக்கு வந்து இறங்கினார். சமையல் அக்கா நல்லெண்ணெயும் கருப்பட்டியும் தாராளமாக விட்டு உளுந்தங்களி கிளறி வைத்திருந்தார். அம்மாவே மகளைக் குளிப்பாட்டி, அம்மாவே சடை பின்னிப் பூ தைத்தார். கூடத்தில் மற்ற குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அம்மாவின் போனில் மட்டும் ஒரு படம். உசிலம்பட்டிப் பெண் தன் காதிலிருந்த ஜிமிக்கியைக் கழற்றி அன்றைக்கு மட்டும் போட்டுவிட்டார். மறுநாள் அவள் பள்ளிக்குப் போய்விட்டாள். போக வேண்டும் என்று அவளே சொன்னாள்.

அந்தக் குழந்தை எங்களிடம் வந்ததற்குக் காரணம் வறுமை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அம்மா இரவு இரண்டு மணிக்குப் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டும், பெண் பிள்ளை பூட்டிய வீட்டில் தனியே இருப்பாள், ஒரு இரவு யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவரப்பட்டு, எங்களிடம் அனுப்பப்பட்டாள். இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எனக்கும் அதில் முழு உடன்பாடு. எவ்வளவு நல்ல இல்லமாக இருந்தாலும், ஒரு குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் அவளோடு சேர்த்து இன்னும் பதினைந்து பேரைப் பார்க்க வேண்டிய ஒருவர்தான் எழுந்து வருவார். அதனால் வந்த நாளிலிருந்தே, இவள் வீடு திரும்ப என்ன மாற வேண்டும் என்ற கேள்வியைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இந்தப் பெண்ணுக்கு மாற வேண்டியது நள்ளிரவு இரண்டிலிருந்து காலை எட்டு வரை உள்ள நேரம் மட்டும்தான். எங்கள் சமூகப் பணியாளர் அந்தத் தெருவுக்குப் பல முறை போனார். பக்கத்து வீட்டு அப்பத்தா ஒருவர் இரவில் வந்து படுத்துக்கொள்ளச் சம்மதித்தார். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் விண்ணப்பம் போனது. கோப்பு நகர நாளானது. பணம் வந்த பிறகு, நலக் குழு உத்தரவின் பேரில், கோடை விடுமுறைக்குப் போனவள் அப்படியே வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவளுடைய கட்டில் காலியானது எனக்குப் பெரிய சந்தோஷம். ஜிமிக்கிக்காரி மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவரையும் நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் அப்படி வீடு அமைவதில்லை. பதினெட்டு வயது வரை எங்களிடமே இருப்பவர்களுக்குப் பதினைந்திலிருந்தே தயாரிப்பைத் தொடங்குகிறோம். ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ். பெற்றோர் இல்லாத பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது என்ன அலைச்சல் என்று அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் இந்தக் காகிதங்கள் வேண்டும். காகிதம் தவிர, ஐம்பது பேருக்கு ஆகும் சமையலை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு ஒரு ஆளுக்கு அரை ஆழாக்கு அரிசி எவ்வளவு தண்ணீரில் வேகும் என்று தெரியாது. கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்கத் தெரியாது. பெரிய பெண்களை இரண்டு இரண்டு பேராக டவுன் பஸ்ஸில் அனுப்புகிறேன். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்பது எங்களுக்குப் பெரிய உதவி. மாட்டுத்தாவணியில் இறங்கி, வேறு பஸ் மாறி, புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், ஆளுக்கு ஒரு மணி நேரம் படித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். முதல் முறை அனுப்பும்போது கண்காணிப்பாளர் தயங்கினார். பதினெட்டாம் பிறந்த நாளுக்கு மறுநாள் தனியே போகப் போகிறவளை இன்றைக்கு நூலகத்துக்கு அனுப்பப் பயந்தால் எப்படி என்று வாதாடி வாங்கினேன். இல்லத்தை விட்டுப் போனவர்களுக்கு இருபத்தோரு வயது வரை உதவும் பின்பராமரிப்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருந்தாலும் மனதளவில் அவர்கள் பதினெட்டில்தான் வெளியேறுகிறார்கள்.

இனி இல்லத் தாய்மார்களின் விஷயம். இவ்வளவையும் செய்யச் சொல்கிற பெண்களுக்கு நாம் கொடுப்பது என்ன? மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்து வைக்கும் பெண் இரவு வீட்டுக்குப் போய்த் தன் பாயில் படுக்கிறாள். இவர்கள் அங்கேயே தங்கி, தூக்கத்திலும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, கைக்கு வாங்கும் தொகை அவளுடையதைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. பல இல்லங்களில் அவர்கள் தூங்குவது குழந்தைகளின் கூடத்திலேயே ஒரு ஓரத்தில்தான். தனக்கென்று கதவு உள்ள ஓர் அறை, வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு, இரவுப் பணி முடித்தவருக்கு மறுநாள் பகல் தூக்கம். இந்த மூன்றையும் எங்கள் இல்லத்தில் நான் சண்டை போட்டுத்தான் கொண்டுவந்தேன். அதன் பிறகு ஆட்கள் நிற்கிறார்கள். பாதிப் பேர் இப்போது இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் விடுப்பில் போனால் அந்த இடத்துக்கு மாற்று ஆள் வேண்டும். அதற்குத்தான் பணம் இல்லை.

பணம் இல்லை என்று சொல்லும் அதே இல்லத்துக்கு, முகூர்த்த நாட்களில் பிரியாணி அண்டா அண்டாவாக வந்து இறங்கும். பிறந்த நாள், திருமண நாள், நினைவு நாள். கொடுப்பவர்களின் மனதை நான் குறை சொல்லவில்லை. நம் ஊரில் சோறு போடுவதை விடப் பெரிய புண்ணியம் இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் முன்பின் தெரியாதவர்களின் கேக்கைச் சுற்றி நின்று கைதட்டச் சொல்லும்போது எங்கள் குழந்தைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். போனை எடுத்துப் படம் பிடிக்க வரும்போது அந்த 74ஆம் பிரிவைச் சொல்லித் தடுத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒரே நாளில் மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து, அடுத்த வாரம் முழுக்கச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்குக் கணக்குப் பார்த்திருக்கிறோம்.

அதனால் இப்போதெல்லாம் அழைப்பவர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். சாப்பாடு வேண்டாம், உள்ளாடையும் நாப்கினும் செருப்பும் வாங்கித் தாருங்கள். அதைவிட, முடிந்தால், ஒரு மாற்று இல்லத் தாயின் சம்பளத்தை ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். போன வாரம் கே.கே. நகரிலிருந்து ஒருவர் மகளின் முதல் பிறந்த நாளுக்கு மதியச் சாப்பாடு போட வேண்டும் என்று அழைத்தார். நான் இதைச் சொன்னேன். "சம்பளமா? அது எப்படிம்மா பிள்ளைகளுக்குச் சேரும்?" என்று கேட்டார். ரொம்ப நேரம் பேசினேன், இங்கே எழுதியதில் பாதியைச் சொல்லியிருப்பேன். மனைவியிடம் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை வரை பார்த்துவிட்டு நானே அவரை அழைக்கப் போகிறேன்.